குவான்ஷெங் யுவி-கே5: பிடிடிக்குக் கீழே இருக்கும் அந்த இரண்டு பட்டன்

5 வாட், 200 மெமரி சேனல், சி-டைப் சார்ஜிங் என்று இந்த வாக்கி டாக்கியின் புகழைப் பாட நிறையப் பேர் இருக்கிறார்கள். தினமும் விரல் போய் நிற்பதோ பிடிடிக்கு (பேசும்போது அழுத்தும் பட்டன்) கீழே இருக்கும் இரண்டு சின்ன பட்டன்களில். தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் இன்னொன்று; ஆக நான்கு வேலை கொடுக்கலாம். டார்ச், பவர், மானிட்டர் (இரைச்சல் அடைப்பைத் திறந்து கேட்பது), ஸ்கேன், வாக்ஸ் (குரல் கேட்டால் தானே ஒலிபரப்புவது), அலாரம், எஃப்எம், 1750 ஹெர்ட்ஸ் டோன் ஆகியவற்றில் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னது ஐரோப்பாவின் பழைய ரிப்பீட்டர்களை (சிக்னலை வாங்கித் தொலைவுக்கு மறுபடி அனுப்பும் நிலையங்கள்) திறப்பதற்கானது. நமக்கு அந்த இடம் வீண்.

முதல் ஏமாற்றம், கம்பெனி ஃபர்ம்வேரில் (செட்டுக்குள் ஓடும் மென்பொருள்) இதை மாற்ற மெனுவே இல்லை. கணினியும் கென்வுட் வகை இரண்டு பின் கேபிளும் வேண்டும். சி-டைப் துளை சார்ஜுக்கு மட்டும்தான், டேட்டா போகாது. சிர்ப் மென்பொருளில் முதலில் செட்டிலிருந்து எல்லாவற்றையும் படித்து, ஒரு நகலை ஓரமாக வைத்துவிட்டு, பட்டன் அமைப்பை மாற்றித் திரும்ப ஏற்ற வேண்டும். செட் பதிலே தரவில்லையா? டிரைவரைத் திட்டுவதற்கு முன் பிளக்கை இன்னும் ஒரு அழுத்து அழுத்துங்கள். பாதிப் பேருக்கு அங்கேதான் சிக்கல்.

எக்ஸூமர் என்ற, வெளியார் எழுதிய ஃபர்ம்வேர் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. பிடிடியை அழுத்தியபடி செட்டை ஆன் செய்து, டார்ச் எரிந்ததும் ஏற்றலாம். ஆனால் காலிபரேஷன் (தொழிற்சாலையில் செட்டுக்குச் செய்த நுண்ணிய அளவமைப்பு) நகலை எடுத்துவைக்காமல் இதில் இறங்காதீர்கள். பிறகு மெனுவிலேயே எஃப்1 ஷார்ட், எஃப்1 லாங், எஃப்2 ஷார்ட், எஃப்2 லாங் என்று நான்கும் வரும். எம் பட்டனின் நீண்ட அழுத்தம் ஐந்தாவதாகக் கூடுதல்.

எதை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம். மானிட்டரைத் தட்டலில் வைக்கவே வேண்டாம். பெரிய கம்பெனி செட்களில் பழகியவர்கள் விரலை எடுத்தால் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைப்பது) மூடிவிடும் என்று நினைப்பார்கள். இங்கே ஒரு தட்டில் திறக்கும், மறு தட்டு விழும் வரை இரைந்துகொண்டே இருக்கும். ஒலியைக் குறைத்து வைத்திருந்தால் தெரியவே தெரியாது, பேட்டரி மட்டும் கரையும்.

பவரும் அப்படித்தான். ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த நிலைக்குப் போகும், உச்சத்துக்கு அடுத்தது மறுபடி குறைந்த நிலை. அந்த மாற்றம் சேனலிலேயே பதிந்துவிடுவதால் அணைத்துப் போட்டாலும் பழைய நிலைக்கு வராது. நேற்று வரை திறந்த ரிப்பீட்டர் இன்று திறக்கவில்லை என்றால் ஆன்டெனாவைக் கழற்றும் முன் திரையில் பவர் எழுத்தைப் பாருங்கள்.

கீபேட் லாக் போட்டாலும் இந்த இரண்டு பட்டன்களும் வேலை செய்யும். இது பெரிய குறை. அலாரத்தை வைத்து, மெனுவில் ஏஎல்-மோட் 'டோன்' என்று இருந்தால், சட்டைப் பையில் அழுந்தினாலே ஊளை காற்றில் ஏறிவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் 'சைட்' என்று மாற்றுங்கள். சத்தம் செட்டோடு நிற்கும்.

நாங்கள் சொல்லும் அமைப்பு: மேல் பட்டனில் தட்டினால் ஸ்கேன், பிடித்தால் மானிட்டர். கீழ்ப் பட்டனில் தட்டலைக் காலியாக விட்டு, பிடித்தால் டார்ச். தோளில் மாட்டும் சாதாரண இரண்டு பின் மைக்கில் பிடிடி மட்டுமே இருக்கும். அதையே பயன்படுத்துபவருக்கு இதில் பெரிய லாபமில்லை.