மளிகைக் கடையில் ஏழு ஆண்டுகள்: ஆள் எடுத்ததும் களவைத் தடுக்கப் பார்த்ததும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் மளிகைக் கடையில் என்னையும் மனைவியையும் தவிர நான்கு பேர் வேலை செய்கிறார்கள். 2018-இல் பழைய முதலாளியிடமிருந்து கடையை எடுத்தபோது, மாதக் கடைசியில் சரக்கை எண்ணினால் 800 வெள்ளி (ரிங்கிட்) வரை துண்டு விழுந்தது. அதைச் சொன்னபோது அவர், "தேனெடுக்கிறவன் புறங்கையை நக்காமல் இருப்பானா தம்பி, அதையும் செலவில் எழுதிக்கொள்" என்றார். எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பாக்கெட் சமையல் எண்ணெய் கிலோ 2.50 வெள்ளி, சீனி 2.85 வெள்ளி என்று அரசாங்கமே விலை கட்டி வைத்திருக்கும் பொருள்களில் மிஞ்சுவது சில்லறைதான். எல்லாம் சேர்த்துப் பத்து விழுக்காடு லாபம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும், காணாமற்போன 800 வெள்ளியை ஈடுகட்ட 8,000 வெள்ளிக்குக் கூடுதலாக விற்றாக வேண்டும். அதற்காக வாங்கிய கருவிகளும் மாற்றிய பழக்கங்களும் இத்தனை ஆண்டுகளில் எப்படி உழைத்தன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது கேமரா. நான்கு கேமராக்களும் பதிவுப் பெட்டியும் பொருத்துக்கூலியும் சேர்ந்து 1,900 வெள்ளி ஆயின. வெளியிலிருந்து வந்து பொருளைச் சட்டைக்குள் செருகுகிறவர்கள் உடனே குறைந்தார்கள். உள்ளே இருப்பவர்களிடம் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எந்த மூலை படத்தில் விழாது என்பது அவர்களுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடுகிறது. இதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. எங்கள் பெட்டியில் 18 நாள் படம்தான் நிற்கும்; பிறகு பழையதன் மேல் புதியது ஏறிவிடும். நானோ மாதத்துக்கு ஒருமுறைதான் சரக்கு எண்ணினேன். மாதத் தொடக்கத்தில் போன பொருளை மாதக் கடைசியில் தேடினால் படம் எங்கிருந்து வரும்? இது என் மண்டையில் ஏற ஒன்றரை ஆண்டு ஆனது. இப்போது பால்மாவு, சிகரெட், பேட்டரி, சவர பிளேடு என்று விலை கூடிய 12 பொருள்களை மட்டும், கடை திறப்பதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி நோட்டில் கையெழுத்திடுகிறார்கள். கால்மணி நேர வேலைதான். குறைந்திருந்தால் முந்தின நாள் படத்தை மட்டும் பார்த்தால் போதும்.

பில் போடும் இயந்திரம் நல்ல பொருள். அதைக் கெடுத்தவன் நான். பில் போட்டுக் காசை வாங்கி, வாடிக்கையாளர் ரசீது வாங்காமல் போனதும் அந்தப் பில்லை ரத்துசெய்து காசைத் தன் பையில் போட்டுக்கொண்டால், கல்லாவும் கணக்கும் அன்றிரவு அச்சாக ஒத்துப்போகும். இதைத் தடுக்கவே ரத்துக்குத் தனி இரகசிய எண் கேட்கும்படி அமைத்துக் கொடுத்தார்கள். ஆனால் சம்பளம் விழும் 7ஆம் தேதியை ஒட்டிய நாள்களில் கடையில் கூட்டம் நெரியும். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுவதைப் பொறுக்கமாட்டாமல் அந்த எண்ணை நானே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். எட்டு மாதம் கழித்து ரத்துப் பட்டியலை அச்சிட்டுப் பார்த்தபோது, பாதிக்கு மேல் ஒரே ஆள் கல்லாவில் நின்ற நேரத்தில், இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் நடந்திருந்தது. எண்ணை மாற்றினேன், அந்த வாரமே அவர் தானாக வேலையை விட்டுப் போனார்.

கைப்பேசியில் படம்பிடித்துப் பணம் அனுப்பும் டூயிட்நவ் கியூஆர் வந்த பிறகு வேறு கவலை வந்தது. கடையின் கியூஆர் மேல் யாராவது தன்னுடையதை ஒட்டிவிட்டால், காசு கல்லாவைத் தொடாமலே போய்விடும். ஒவ்வொரு காலையும் ஒட்டியிருக்கும் தாளின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பணம் அனுப்புமுன் திரையில் தெரியும் பெயர் எங்கள் கடையின் பெயர்தானா என்று பாருங்கள் என வாடிக்கையாளர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இதற்குச் செலவே இல்லை.

ஆள் எடுப்பதில் இந்த ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. எல்லாரும் எந்தத் தோட்டத்து யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தவர்கள். கோயில் கமிட்டிக்காரரோ மனைவியின் சித்தப்பாவோ அழைத்து வந்து நிறுத்துவார்கள். அப்படி வந்தவரிடம் கணக்குக் கேட்டால் அழைத்து வந்தவரைச் சந்தேகிப்பதுபோல் ஆகிவிடுகிறது. நான் கேட்கக் கூசியதைத்தான் களவு பயன்படுத்திக்கொண்டது. இப்போது யார் சொல்லி வந்தாலும் முன்பு வேலை செய்த இடத்துக்கு நானே தொலைபேசியில் பேசுகிறேன். "நல்லவரா?" என்று கேட்பதில்லை. "கல்லாவில் நின்றாரா, ஏன் விலகினார், திரும்ப எடுப்பீர்களா?" என்று கேட்கிறேன். மூன்றாவது கேள்விக்கு வரும் தயக்கமே பதில்.

நேர்மையைச் சோதிக்கிறேன் என்று நான் செய்த ஒன்றை யாரும் செய்ய வேண்டாம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் பெருக்கும் இடத்தில், அரிசி மூட்டைக்குக் கீழே 50 வெள்ளி நோட்டு ஒன்றைப் போட்டு வைத்தேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நோட்டோடு வந்தவர், அதை மேசையில் வைத்து, "அண்ணே, இது விழுந்ததா, போட்டதா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். மூன்று மாதத்தில் அவர் ஈப்போவில் வேறு வேலைக்குப் போய்விட்டார். என்னிடம் இருந்தவர்களில் கைச்சுத்தமானவர் அவர்தான்.

இதைவிடப் பெரிய தவறு பால்மாவு விஷயத்தில் நடந்தது. 2021-இல் தொடர்ந்து மூன்று மாதம் டின்கள் குறைந்தன. சரக்கு இறக்கும் பையன்மேல் எனக்குச் சந்தேகம். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அவன் பையைத் திறந்து காட்டச் சொன்னேன், கிடங்குச் சாவியையும் வாங்கிக்கொண்டேன். அவன் மறுநாளிலிருந்து வரவில்லை. நான்காவது மாதம் லாரி வந்தபோது நானே நின்று எண்ணினேன்: பில்லில் 12 பெட்டி, தரையில் 11. மொத்த வியாபாரியின் ஆள் குறைத்து இறக்கியிருக்கிறார். நாங்கள் எண்ணாமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பாலை நிறுக்கும் பால் ஸ்டோரில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எடையை எழுதும்போதே தானும் சிகரெட் பெட்டி அட்டையில் அதைக் குறித்துக்கொள்வார். அந்த அட்டைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது தோன்றாமற்போனது. பையன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் அம்மா தேநீர் கொடுத்தார். அவன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. இப்போது சரக்கை எண்ணி வாங்குபவர் ஒருவர், கணக்கில் ஏற்றுபவர் வேறொருவர்.

துண்டு விழுந்ததை எல்லார் சம்பளத்திலும் பங்குபோட்டுப் பிடிப்பது இங்கே பல கடைகளில் வழக்கம். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு எதையெல்லாம் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. முதலாளி தன் விருப்பத்துக்குப் பிடிக்க அதில் இடமில்லை. குற்றத்துக்காக ஒருவரை வேலைநீக்கம் செய்யுமுன் விசாரிக்க வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. விசாரணைக்காக இரண்டு வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். அப்போதும் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், குற்றமில்லை என்றால் மீதியையும் தர வேண்டும். நான் ஒருமுறைதான் அப்படி விசாரித்தேன். கல்லாவில் எடுத்ததை அவர் ஒப்புக்கொண்டார். ஊழியர் முதலாளியின் பொருளைத் திருடினால் தண்டனைச் சட்டம் 381ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளை நினைத்துப் போலீசில் புகார் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். அது சரிதானா என்று மனைவிக்கும் எனக்கும் இன்றும் வாக்குவாதம்.

அவர் கல்லாவில் எடுத்தது, அநியாய வட்டிக்குக் கடன் கொடுக்கும் வட்டி முதலைக்குக் கட்ட. கையாடல் செய்தவர்களை ஆராய்ந்த அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, வெளியே சொல்லமுடியாத பண நெருக்கடியும், வாய்ப்பும், தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானமும் சேரும் இடத்தில் அது நடக்கிறது என்று 1953-இலேயே சொன்னார். வாய்ப்பை மட்டும் அடைத்துக்கொண்டிருந்த நான் அதற்குப் பிறகுதான் முன்பணம் கொடுக்கத் தொடங்கினேன்: வட்டி இல்லை, காரணம் கேட்பதில்லை, சம்பளத்தில் சிறு தவணைகளாகக் கழித்துக்கொள்வேன். 2025 ஆகஸ்டு 1 முதல் எங்களைப் போன்ற சிறிய கடைகளுக்கும் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. என் கணக்கு இறுகிவிட்டது, ஆனாலும் முன்பணத்தை நிறுத்தவில்லை.

இப்போது மாதத் துண்டு 100 வெள்ளியைத் தாண்டுவதில்லை. அதிலும் ஒரு பகுதி எலி கடித்த மாவுப் பாக்கெட்டும் காலாவதியான ரொட்டியும். கிடங்குக் கேமரா பழுதாகி ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் மாற்றவில்லை. எண்ணும் நோட்டுதான் முடியப்போகிறது, புதிதாக இரண்டு வாங்க வேண்டும்.