டாரட் கற்க முதல் புத்தகம் எது? ஒரே சீட்டை வைத்து நான்கு நூல்கள்

குறி பார்க்கப் பயன்படும் படச் சீட்டுகளான டாரட் கட்டு ஒன்று வாங்கினால் பெட்டிக்குள் ஒரு குட்டிப் புத்தகமும் இருக்கும். ஒரு சீட்டுக்கு இரண்டு மூன்று வரி. அதை மட்டும் வைத்து 78 சீட்டையும் மனப்பாடம் செய்யப் பார்த்தால் ஆர்வம்தான் போகும். தனியாக ஒரு வழிகாட்டி தேவை. எது நல்லது என்று கேட்கிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பெயர்கள் நான்கு: வெயிட், ஜோன் பன்னிங், ரேச்சல் பொலாக், மேரி கிரீர். நான்கு பேருடைய நூல்களும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அதனால் நம்மில் பலருக்கு மொழி எவ்வளவு எளிது என்பதும் முக்கியம்.

ஒப்பிட எனக்குத் தெரிந்த நேர்மையான வழி, நான்கிலும் ஒரே சீட்டைப் புரட்டிப் பார்ப்பது. ‘பத்து வாள்’ என்ற சீட்டை எடுத்துக்கொள்வோம். 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டுக்காக ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. ஒரு மனிதன் குப்புறக் கிடக்கிறான், உடலில் பத்து வாள்கள் குத்தி நிற்கின்றன. மேலே கரிய வானம், ஆனால் அடிவானத்தில் மஞ்சள் வெளிச்சம். பின்னால் நீர் சலனமில்லாமல் இருக்கிறது. புதிதாகக் கற்பவரைப் பதறவைக்கும் சீட்டு இது. புத்தகத்தின் உதவி இங்கேதான் தேவைப்படும்.

முதலில் வெயிட். அந்தக் கட்டைத் திட்டமிட்டவரே ஆர்தர் எட்வர்ட் வெயிட்தான். அவருடைய ‘தி பிக்டோரியல் கீ டு தி டாரட்’ 1910களின் தொடக்கத்தில் வந்தது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசம். கட்டை உருவாக்கியவரே எழுதியது, காசும் இல்லை என்று பலர் இதிலிருந்து தொடங்குகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். பத்து வாளுக்கு அவர் சொல்வது: படம் எதை உணர்த்துகிறதோ அது; அதோடு வலி, துன்பம், கண்ணீர், துயரம். இது குறிப்பாகக் கொடூர மரணத்தின் சீட்டு அல்ல என்றும் ஒரு வரி. தலைகீழாக விழுந்தால் லாபம், வெற்றி, தயவு, ஆனால் எதுவும் நிலைக்காது. துயரம் எப்படி லாபமாக மாறியது? விளக்கம் கிடையாது. வெயிட்டுக்குக் குறி சொல்வதைவிட மறைஞானத்தில்தான் அக்கறை அதிகம். நூலின் கடைசிப் பகுதியில்தான் சீட்டு விரிக்கும் முறைக்கு வருகிறார். நடையும் சுற்றிவளைத்துச் செல்லும் பழைய ஆங்கிலம். இன்று எங்கும் பரவியிருக்கும் செல்டிக் கிராஸ் என்ற பத்துச் சீட்டு விரிப்பு இந்த நூலில் இருக்கிறது, அந்தப் பக்கங்களை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

ஜோன் பன்னிங்கின் ‘லேர்னிங் தி டாரட்’ இதற்கு நேர் எதிர். 1995இல் இலவச இணையப் பாடமாகத் தொடங்கியது, 1998இல் புத்தகமானது. மொத்தம் 19 பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் பயிற்சி உண்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் சில செயற்சொற்கள், கீழே சிறு விளக்கம். பத்து வாளுக்கு அவர் தருபவை: அடிமட்டத்தைத் தொடுதல், பலியானவராக உணர்தல், தியாகியாக இருத்தல். அப்புறம் ஒரு நல்ல கேள்வி கேட்கிறார்: ஒரு வாள் போதாதா, பத்து கொஞ்சம் அதிகமில்லையா? அந்தக் கேள்வியில் பயம் பாதி இறங்கிவிடுகிறது. நிஜத் துன்பத்தைவிட, நாம் பெரிதாக்கிக்கொள்ளும் துன்பத்தை இந்தச் சீட்டு காட்டலாம் என்று புரிகிறது.

இந்தப் புத்தகத்தில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. ஒவ்வொரு சீட்டுக்கும் எதிரான சீட்டுகள் எவை, துணைபோகும் சீட்டுகள் எவை என்று பட்டியல் தருகிறார். ஒற்றைச் சீட்டின் பொருள் தெரிந்தாலும், மூன்று சீட்டு சேர்ந்து விழுந்ததும் கை நின்றுவிடும். புதியவர்கள் தடுமாறும் இடம் அது. சீட்டுகள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதை முதல் நாளிலிருந்தே இந்தப் பட்டியல் பழக்கிவிடும். மொழியும் பள்ளி ஆங்கிலம் போதும் என்கிற அளவுக்கு எளிமை. குறை என்றால், தலைகீழாக விழும் சீட்டுகளுக்கு இதில் பொருள் இல்லை. அதற்குத் தனி நூலே எழுதினார். தொடக்கத்தில் எல்லாச் சீட்டையும் நேராக வைத்தே படிப்பது நல்லது என்பதால் எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

ரேச்சல் பொலாக்கின் ‘செவன்டி-எய்ட் டிகிரீஸ் ஆஃப் விஸ்டம்’ இரண்டு பாகமாக 1980இலும் 1983இலும் வந்தது, இப்போது ஒரே தொகுதியாகக் கிடைக்கிறது. அவர் அறிவியல் புனைகதை எழுத்தாளரும்கூட. வாசிக்கும்போதே அது தெரியும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கட்டுரை. பத்து வாளில், காதில்கூட ஒரு வாள் இறங்கியிருப்பதைச் சுட்டிக்காட்டி, என்னைப்போல் யாரும் துன்பப்பட்டதில்லை என்கிற விடலைப் பருவ மனநிலையோடு அதை இணைக்கிறார். பன்னிங் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் பொலாக் படத்தின் ஓரங்களுக்கும் நம்மை அழைத்துப் போகிறார். கருமேகம் விலகும் வெளிச்சம், அமைதியான நீர் எல்லாம் அர்த்தத்துக்குள் வந்துவிடுகின்றன. மேஜர் ஆர்க்கானா எனப்படும் முதன்மைச் சீட்டுகள் 22இல் ‘முட்டாள்’ சீட்டைத் தனியே வைத்து, மீதி 21ஐ ஏழேழாக மூன்று வரிசையில் அடுக்கி விளக்கும் பகுதி அற்புதமானது. வெளியுலக வாழ்க்கை, உள்நோக்கிய திருப்பம், அதற்கும் அப்பால் என மூன்று படி. சீட்டுகளை அப்படியே தரையில் அடுக்கி வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய பக்கங்கள் அவை. தலைகீழ் சீட்டுகளையும் விளக்குகிறார்.

இவ்வளவு பிடித்தும் இதை முதல் புத்தகம் என்று சொல்லத் தயங்குகிறேன். புராணம், கபாலா என்ற யூத மறைஞானம், உளவியல் என்று குறிப்புகள் அடர்ந்து வரும். அவசரத்துக்கு ஒரு சீட்டின் பொருள் தேடினால் பக்கக்கணக்கில் படிக்க வேண்டியிருக்கும். சீட்டுகளோடு கொஞ்சம் பழகியபின் கையில் எடுத்தால் இதன் அருமை தெரியும்.

மேரி கிரீரின் ‘டாரட் ஃபார் யுவர் செல்ஃப்’ (1984) அகராதி மாதிரிப் புரட்டுவதற்கான நூல் இல்லை. பேனாவோடு உட்கார வேண்டிய பயிற்சி நூல். பத்து வாள் என்ன சொல்கிறது என்று அதைக் கேட்டால், உங்களுக்கு அதில் என்ன தெரிகிறது என்று அது திருப்பிக் கேட்கும். பிறந்த நாள், மாதம், ஆண்டைக் கூட்டி, விடையின் இலக்கங்களை மறுபடி கூட்டி உங்களுக்கான சீட்டைக் கண்டுபிடிக்கும் முறை இதில் உண்டு. 14, 4, 1992 என்றால் கூட்டுத்தொகை 2010, இலக்கங்களைக் கூட்டினால் 3, அதாவது ‘பேரரசி’. எண்கணிதம் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். நாட்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இது பொக்கிஷம். மற்றவர்கள் பயிற்சிப் பக்கங்களைக் காலியாகவே விட்டுவிடுவார்கள்.

சரி, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பன்னிங். பணம் செலவழிக்கத் தயக்கம் இருந்தால் அவருடைய இணையப் பாடமே போதும், வெயிட்டைத் தேடிப் போக வேண்டாம். வாசிப்பில் ஊறியவர், ஆங்கிலம் தடையில்லை என்றால் பன்னிங்கோடு சேர்த்துப் பொலாக்கையும் வாங்கலாம். எந்தப் புத்தகமானாலும் முதலில் படத்தைப் பார்த்து, தோன்றியதை ஒரு வரி எழுதிவிட்டு, பிறகு பக்கத்தைத் திருப்புங்கள். பன்னிங்கும் பொலாக்கும் படத்தைக் கவனிக்கவைக்கிறார்கள் என்பதால்தான் அவர்களை முன்னால் வைக்கிறேன்.

புத்தகம் வாங்கும் முன் உங்கள் சீட்டுக்கட்டில் 8ஆம் எண் மேஜர் சீட்டை எடுத்துப் பாருங்கள். சிங்கத்தோடு ஒரு பெண் இருந்தால் பெரும்பாலும் அது வெயிட் வழி வந்த கட்டு, மேலே சொன்ன நூல்கள் பொருந்தும். தராசு இருந்தால் அது மார்செய் அல்லது தோத் என்ற வேறு டாரட் மரபுகளைச் சேர்ந்த கட்டாக இருக்கலாம். மார்செய் கட்டின் பத்து வாளில் குப்புறக் கிடக்கும் மனிதனே கிடையாது, வெறும் வாள்கள்தான். அப்படியானால் அந்தக் கட்டுக்கென்றே எழுதப்பட்ட நூலைத் தேடுங்கள்.