வீட்டுக் கூடத்தில் கச்சேரி பதிவு: மிக்ஸரா, ஆடியோ இன்டர்ஃபேஸா?

மிருதங்கத்துக்கு மட்டும் இரண்டு மைக் வேண்டும். கணீரென்று ஒலிக்கும் வலந்தலைக்கு ஒன்று, அடிநாதம் தரும் தொப்பிக்கு ஒன்று. பாட்டுக்கும் வயலினுக்கும் ஒவ்வொன்று. ஆக, ஒரு சின்னக் கச்சேரிக்கு நான்கு மைக். மிக்ஸர் என்பது பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் பெட்டி. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது மைக் ஒலியை டிஜிட்டலாக்கி லேப்டாப்புக்கு அனுப்பும் பெட்டி. இந்த நான்கும் லேப்டாப்புக்குள் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்பதில்தான் மிக்ஸருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் உள்ள வித்தியாசமே இருக்கிறது.

யமஹா எம்ஜி10எக்ஸ்யூ மாதிரியான யூஎஸ்பி மிக்ஸரில் நான்கு மைக்கையும் செருகலாம். கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரமும் (ஃபாண்டம் பவர்) உண்டு. அடிநாதம், மேல்நாதத்தை ஏற்றி இறக்கும் ஈக்யூ, எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குப் போவது இடது, வலது என்று இரண்டே டிராக் (தனியாகப் பதியும் ஒலி). பெயரில் 10 இருக்கிறதே, பத்து டிராக் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நான்கு மைக்கும் பெட்டிக்குள்ளேயே கலந்துவிடும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கடன் வாங்கிய ஒரு மிக்ஸரில் ஒரு மாலை முழுக்கப் பதிவு செய்தோம். ஹெட்போனில் கேட்டபோது நன்றாகவே இருந்தது. மறுநாள் கேட்டால், தனி ஆவர்த்தனத்தில் தொப்பியில் வளைந்தெழும் கும்கி நாதத்தைக் காணோம்! காரணம் அப்புறம்தான் புரிந்தது. நானும் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்ததால் மிருதங்கம் நேராகவே என் காதில் விழுந்துகொண்டிருந்தது. அதை நம்பி மிக்ஸரில் அதன் அளவைக் குறைத்து வைத்திருக்கிறேன். ஈக்யூவில் அடிநாதத்தை ஏற்றிப் பார்த்தேன், பாடியவரின் குரலும் சேர்ந்து கனத்துப் போனது. அவ்வளவு அருமையாக வாசித்த வாசிப்பு அது. இன்றும் மனசு ஆறவில்லை.

பெஹ்ரிங்கர் யூஎம்சி404எச்டி போன்ற நான்கு மைக் இன்டர்ஃபேஸ் இருந்திருந்தால் நான்கு தனி டிராக் கிடைத்திருக்கும். ஒரே அறை என்பதால் வயலின் மைக்கிலும் மிருதங்கம் கொஞ்சம் விழத்தான் செய்யும். இருந்தாலும் தொப்பியை மட்டும் தூக்கிவிட இடம் இருக்கும். பதிவின்போது மைக் ஒலியைப் பெருக்கும் கெயின் ஒன்றைச் சரியாக வைத்தால் போதும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்ச அளவு மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் (பூஜ்யம்தான் எல்லை) தொட்டாலே தாராளம். ஈக்யூ, ரிவெர்ப் எல்லாவற்றையும் மறுநாள் அமைதியாக உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். பலரும் வாங்கும் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வில் மைக் உள்ளீடு இரண்டுதான். தம்புராவோடு தனியாகப் பாடுபவருக்கு அது போதும், மிருதங்கம் வந்துவிட்டால் போதாது.

மிக்ஸர் ஜெயிக்கும் இடமும் உண்டு. பாடுபவர் தன் குரலை ரிவெர்ப்போடு ஹெட்போனில் கேட்க விரும்பினால் மிக்ஸரில் தாமதமே தெரியாது. இந்த மாதிரி இன்டர்ஃபேஸில் அதே ரிவெர்ப் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்ப வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில், கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபரை 256 சாம்பிளாக வைத்தால் போக 5 மில்லிசெகண்ட், வர 5 மில்லிசெகண்ட், அதற்கு மேலும் கொஞ்சம். மைக் ஒலியை நேராக ஹெட்போனுக்குத் தரும் டைரக்ட் மானிட்டர் பட்டனைப் போட்டால் தாமதம் போய்விடும், கூடவே ரிவெர்ப்பும் போய்விடும். சினிமாப் பாட்டின் பின்னணி இசையை ஓடவிட்டுப் பாடுபவருக்கு இது பெரிய விஷயம். கச்சேரிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஹெட்போன் இல்லாமல்தானே வாசிக்கிறார்கள்! அதனால் அவர்களுக்கு நான் தயங்காமல் இன்டர்ஃபேஸைத்தான் சொல்வேன்.

கையில் ஏற்கெனவே மிக்ஸர் இருக்கிறதா? பாட்டையும் வயலினையும் முழுக்க இடப்பக்கம், மிருதங்கத்தை முழுக்க வலப்பக்கம் என்று பேன் குமிழால் தள்ளிவிடுங்கள். குறைந்தது இரண்டு தனி டிராக் மிஞ்சும். ரிவெர்ப்பை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது இரண்டு பக்கமும் கசியும்.

கோயில் விழா, கல்யாணக் கச்சேரி என்று வெளியே ஸ்பீக்கர் வைத்து ஒலி அமைத்துக்கொண்டே பதிவும் செய்பவருக்கு மல்டிடிராக் மிக்ஸர்தான் சரி. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாக யூஎஸ்பியில் அனுப்பும். ஸூம் எல்-12 லேப்டாப்பே இல்லாமல் எஸ்டி கார்டில் தனித்தனி டிராக்காகப் பதியும். எந்த மிக்ஸரானாலும் அதன் விவரப் பட்டியலில் யூஎஸ்பி வரியைத் தேடிப் படியுங்கள். அங்கே ‘2 இன், 2 அவுட்’ என்று இருந்தால், மேலே எத்தனை சேனல் இருந்தாலும் லேப்டாப்புக்குப் போவது இரண்டுதான்.