"250 ஆம்பியர்" மிக் வெல்டர்: என் 17,800 ரூபாய் போய்விட்டது, நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரு மிக் வெல்டிங் இயந்திரம் (கம்பி தானாக வந்து உருகிப் பற்றவைக்கிற வகை) வாங்கலாமென்று இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். முழுசாக 17,800 ரூபாயைக் கொடுத்துவிட்டு, எதற்கும் உதவாத ஒரு சிவப்புப் பெட்டியைத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது" என்று இன்று காலையில் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். எதைத் தீர்த்தார்கள் என்று அவர்களுக்கே வெளிச்சம். எப்படிப்பட்ட இயந்திரம் வாங்க வேண்டும், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆத்திரம் அடங்காது.

உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் ஆடுகளும் இருக்கின்றன. வெல்டிங் எனக்குப் புதிதல்ல. அப்பா வாங்கிப்போட்ட, ராடை எரித்துப் பற்றவைக்கிற பழைய ஆர்க் டிரான்ஸ்ஃபார்மரில் டிரைலர் கொக்கி, கலப்பைச் சட்டம் எல்லாம் நானே பற்றவைப்பேன். கனமான இரும்புக்கு அது போதும். ஆட்டுக் கொட்டகைக்குக் கதவு செய்யத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. 16 கேஜ் சதுரக் குழாயின் கனம் 1.6 மில்லிமீட்டர்தான். அதில் 2.5 மில்லிமீட்டர் ராடை வைத்து ஒரு நொடி அசந்தால் ஓட்டை விழுந்துவிடும். மெல்லிய இரும்புக்கு மிக் வசதி என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதில் பொய்யில்லை. 0.8 மில்லிமீட்டர் கம்பி, கையில் பிடிக்கிற டார்ச் என்ற துப்பாக்கி வழியாகத் தானாக வந்துகொண்டே இருக்கும், ராடு மாற்றுகிற வேலை இல்லை, சூட்டையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை இருந்தது: கேஸ் சிலிண்டர் வேண்டாம். காசைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனியிலும் ஆடியிலும் ஆளையே தள்ளும். இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? திறந்த வெளியில் கார்பன் டை ஆக்சைடை விட்டு வெல்டிங் செய்தால், உருகிய இரும்பைக் காக்க வேண்டிய கேஸைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். வெல்டிங் முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை விழும். அதனால்தான் கேஸுக்குப் பதிலாக உருகிய இரும்பைக் காக்கிற ஃபிளக்ஸ் பொடியை உள்ளே அடைத்த கம்பியில் ஓடுகிற, கேஸ் தேவைப்படாத இயந்திரமாகத் தேடினேன்.

எல்லாப் பொருளும் விற்கிற பெரிய இணையச் சந்தை ஒன்றில் அகப்பட்டது. பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் அதற்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்கள். "250 ஆம்பியர். மிக், ஆர்க், டிக் மூன்று வெல்டிங் முறையும் ஒரே இயந்திரத்தில். கேஸ் தேவையில்லை. வீட்டு பிளக்கில் இயங்கும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஏற்றது." விலை 17,800 ரூபாய். நட்சத்திரங்கள் நாலரைக்கு மேல். வெளிமாநில விற்பனையாளர் என்பதால் தயங்கி, பக்கத்தில் போட்டிருந்த எண்ணுக்குப் பேசினேன்.

எடுத்தது தமிழ்ப் பையன். நல்ல பணிவு. என்ன வேலை, எத்தனை கனம், வீட்டில் ஒற்றைமுனை மின்சாரமா என்று சரியான கேள்விகளாகவே கேட்டான். நான் கேஸ் வேண்டாம் என்றதும், "அக்கா, உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பாதிப் பேருக்கு இந்த வித்தியாசமே தெரியாது" என்றான். கொட்டகைக் கதவைப் பற்றிச் சொன்னபோது எத்தனை ஆடுகள் என்று விசாரித்தான். மெல்லிய குழாயில் பிசிறில்லாமல் வெல்டிங் ஓடுகிற ஒரு காணொளியையும் அனுப்பினான். அப்போதும் நான் உடனே பணம் கட்டவில்லை. "250 ஆம்பியர் வீட்டு பிளக்கில் எப்படித் தம்பி ஓடும்?" என்று கேட்டேன். "இது இன்வெர்ட்டர் தொழில்நுட்பம் அக்கா, மின்சாரம் கொஞ்சமாகத்தான் இழுக்கும்" என்றவன் கொஞ்சம் நிறுத்தி, "எங்கள் அப்பாவும் விவசாயிதான். உங்களிடம் பொய் சொல்லிவிட்டு நான் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவேன்?" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 17,800 ரூபாயும் போனது. அதே வாசகத்தை அவன் ஒரு நாளைக்கு எத்தனை அக்காக்களிடமும் அண்ணன்களிடமும் சொல்கிறானோ!

பெட்டி வந்தது. ஒரு கிலோ கம்பிச் சுருள், டார்ச், எர்த் கிளாம்ப், கையில் பிடிக்கிற முகமூடி எல்லாம் இருந்தன. குழாயைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கிளாம்பை மாட்டி, விசையை அழுத்தினேன். பூத்திரி கொளுத்தியதுபோல் நாலாபுறமும் பொறி பறந்ததே தவிர இரும்பு ஒட்டவில்லை. பற்றவைத்த கோடு முழுக்கக் கொப்புளம். ஆறியதும் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன், அப்படியே கழன்று கீழே விழுந்தது. கம்பியின் வேகத்தை மாற்றினேன், மின்னழுத்தத்தை மாற்றினேன், எர்த் இடத்தை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

பிறகு பக்கவாட்டுக் கதவைத் திறந்து பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. கேஸோடு ஓட்டும் சாதாரணக் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவில் இருக்க வேண்டும். கேஸ் இல்லாமல் ஓடுகிற ஃபிளக்ஸ் கம்பிக்குப் பெரும்பாலும் டார்ச் நெகட்டிவில் இருக்க வேண்டும். இவர்கள் கொடுத்த சுருளின் அட்டையிலேயே நெகட்டிவ் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்ள ஒழுங்கான இயந்திரங்களில் இணைப்பு கொடுத்திருப்பார்கள். இதில் டார்ச்சின் கேபிளை உள்ளே பாசிட்டிவில் போல்ட் போட்டு முறுக்கி, மேலே ஒட்டுத்தாளும் ஒட்டிவிட்டார்கள். ஒட்டுத்தாளைக் கிழித்தால் உத்தரவாதம் செல்லாதாம். அதாவது, கேஸ் போட்டு ஓட்ட வேண்டிய இயந்திரத்துக்குள் கேஸ் இல்லாக் கம்பியைத் திணித்து, "கேஸ் தேவையில்லை" என்று விற்றிருக்கிறார்கள்.

பையனைக் கூப்பிட்டேன். அதே "அக்கா"தான், குரல்தான் மாறிவிட்டது. "கேஸ் வாங்கிப் போட்டுப் பாருங்கள் அக்கா" என்றான். கேஸ் தேவையில்லை என்றுதானே விற்றாய் என்றேன். "அது ஆரம்பத்தில் பழகுவதற்கு மட்டும்" என்றான். எதைப் பழகுவதற்கு?

இயந்திரத்தை டவுனில் தெரிந்த பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்கார அண்ணன் முதலில் எர்த் கேபிளின் முனையைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள். பிறகு நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஆர்க் முறையில் குமிழை முழுக்கத் திருப்பி வைத்து ஒரு ராடை எரித்தார். இயந்திரத்தின் முகப்பில் 250 என்று ஒளிர்கிறது. மீட்டர் 120ஐத் தாண்டவில்லை. கொஞ்ச நேரத்துக்குள் மஞ்சள் விளக்கு எரிந்து இயந்திரம் நின்றுவிட்டது. சூடாகிவிட்டதாம். பின்புறத் தகட்டில் பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து எரிக்கலாம் என்கிற சுமை விழுக்காடு போட்டிருக்க வேண்டும். தேடிப் பார்த்தோம், அந்த வரியே இல்லை. 250 மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

அவர் அங்கேயே ஓர் அட்டைத் துண்டில் கணக்குப் போட்டார். மிக்கில் 250 ஆம்பியர் எரிய ஏறக்குறைய 26 வோல்ட் வேண்டும். பெருக்கினால் 6,500 வாட். வீட்டில் இருக்கிற பெரிய பிளக் 16 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தருவது 3,680 வாட். இன்வெர்ட்டராக இருந்தாலும் சரி, எதுவாக இருந்தாலும் சரி, உள்ளே போவதைவிட அதிகமாக வெளியே வராது. பள்ளிக்கூடக் கணக்கு! இது விற்கிறவனுக்குத் தெரியாதா? அந்த இணையச் சந்தையில் உட்கார்ந்து பட்டியலை அனுமதிக்கிறவர்களுக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகவே தெரியும்.

அதற்குப் பிறகு நடந்த அலைக்கழிப்புதான் பணம் போனதைவிடக் கேவலம்.

பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றால், "இந்தப் பொருளுக்கு மாற்றித் தரும் வசதி மட்டும்தான்" என்றார்கள். சரி, மாற்றுங்கள் என்றால், "தொழில்நுட்பப் பணியாளர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும்." யாரும் வரவில்லை. ஆனால் "பணியாளர் வந்தார், வீடு பூட்டியிருந்தது" என்று செய்தி வந்தது. என் மாமியார் அன்று முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து பருத்திக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தார். காணொளி அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். வெல்டிங் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியவில்லையாம். வெல்டிங் வெளிச்சத்தில் வேறென்ன தெரியும்?

இன்னொரு நாள் வேறொருவர் பேசினார். உங்கள் ஊரில் மின்னழுத்தம் குறைவாக இருக்கும், "தோட்டத்து மோட்டார் இணைப்பில் கொடுத்துப் பாருங்கள்" என்றார். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது மும்முனை. இரண்டு முனைக்கு நடுவே 415 வோல்ட் வரும். 230 வோல்ட் இயந்திரத்தை அதில் மாட்டினால் புகைந்துவிடும், மாட்டுகிற ஆளுக்கும் உத்தரவாதமில்லை. அதுவுமில்லாமல் அது பாசனத்துக்கென்று அரசு தருகிற இலவச மின்சாரம். அதில் வெல்டிங் செய்வது விதிமீறல், மின்வாரியத்தார் பார்த்தால் அபராதம் போடுவார்கள். இதை எடுத்துச் சொன்னதும் அவர் சொன்ன பதில்: "வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் கொடுங்கள் அக்கா, அவர்களுக்குப் புரியும்."

போனை வைத்துவிட்டேன். அப்போது வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

கடைசியில் எழுத்தில் ஒரு காரணம் அனுப்பினார்கள். நான் இயந்திரத்தைத் தோட்டத்தில் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டேனாம். அது "வணிகப் பயன்பாடு" என்பதால் உத்தரவாதம் பொருந்தாதாம். விற்கும்போது "விவசாயத்துக்கு ஏற்றது", பணம் கேட்டால் விவசாயம் வணிகம்! 17,800 ரூபாயை விழுங்க எத்தனை வாய் பாருங்கள்.

விடப்போவதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டேன். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் அதை ஏற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்குவது வணிகப் பயன்பாட்டில் சேராது என்று அதே சட்டம் சொல்கிறது. அவர்களின் "வணிக" பதிலை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

தேர்ந்தெடுப்பது எப்படி என்று விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமையில்லை, ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். தகட்டில் 40 டிகிரி வெப்பத்துக்கான சுமை விழுக்காடு போடாத இயந்திரத்தைத் தொடாதீர்கள். கேஸ் இல்லாமல் ஓட்டுவதாக இருந்தால் டார்ச்சை நெகட்டிவுக்கு மாற்ற முடியுமா என்று கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டார்ச் கழற்றி மாட்டுகிற வகையாக இருக்கட்டும், ஐந்து கிலோ சுருள் உள்ளே போகட்டும். வீட்டிலிருந்து ஒரு துண்டுக் குழாயை எடுத்துப் போய்க் கடையிலேயே உங்கள் கையால் பற்றவைத்துப் பார்த்துவிட்டு, சுத்தியலால் ஓங்கித் தட்டுங்கள். கேபிளைச் சுரண்டாமல் வராதீர்கள். இணையத்தில்தான் வாங்குவேன் என்றால் பெட்டி பிரிப்பதைப் படமெடுங்கள். தோட்டம், விவசாயம் என்று அவர்களிடம் வாயைத் திறக்காதீர்கள்.

இதை எழுதுவதற்கு முன் அந்தச் சந்தையை ஒருமுறை பார்த்தேன். அதே இயந்திரம், அதே குமிழ்கள், அதே காணொளி. சிவப்புக்குப் பதிலாக மஞ்சள் வண்ணம், வேறு பெயர், விலை 16,990 ரூபாய், இந்த முறை 300 ஆம்பியராம். வாங்கிவிடாதீர்கள்.