ஐஓஎஸ் ஆப்களா, ஆண்ட்ராய்டு ஆப்களா: வடிவமைப்பில் யார் கை ஓங்கியிருக்கிறது?

வெளி டெவலப்பர்கள் செய்யும் ஆப்களின் வடிவமைப்பை மட்டும் வைத்து ஃபோன் வாங்குவதென்றால் என் ஓட்டு ஐஃபோனுக்கு. கையில் இருப்பதும் அதுதான். வாட்ஸ்அப் மாதிரி பெரிய ஆப்களை ஓரம்கட்டிவிடலாம், இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு தளத்துக்கும் சேர்த்து ஒரே முறை எழுத உதவும் ஃப்ளட்டர் என்ற கருவியில் எழுதியவையும் அப்படியே. பொத்தான் முதல் பட்டியல் வரை அது தானே வரைந்துகொள்வதால், எந்த ஃபோனில் ஓடினாலும் முகம் பெரிதாக மாறாது. வித்தியாசம் தெரிவது, சின்னக் குழுக்கள் பார்த்துப் பார்த்துச் செய்யும் ஆப்களில். திங்ஸ் 3 (வேலைப் பட்டியல்), ஓவர்காஸ்ட் (பாட்காஸ்ட் கேட்பது) போன்றவை ஆண்ட்ராய்டுக்கு வரவே இல்லை.

நிறம், ஐகானெல்லாம் அவரவர் ரசனை. தொடும் இடத்தின் அளவுக்கு ஆப்பிள் 44 புள்ளி என்கிறது, கூகுள் 48 டிபி (ஆண்ட்ராய்டில் திரையின் அளவு அலகு) என்கிறது. இதில் சண்டைக்கு ஒன்றுமில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒரே விஷயம்: ஓஎஸ் மாறும்போது ஆப் என்ன ஆகிறது? ஐஓஎஸ்ஸில் பொத்தான், பட்டியல் போன்றவற்றைத் தரும் யூஐகிட், ஸ்விஃப்ட்யூஐ இரண்டும் ஓஎஸ்ஸுக்குள்ளேயே இருக்கின்றன, அதனால் ஓஎஸ்ஸோடு அவையும் மாறும். ஆண்ட்ராய்டில் அதே வேலையைச் செய்யும் ஜெட்பேக் கம்போஸும் மெட்டீரியல் லைப்ரரியும் ஆப்போடு சேர்த்துக் கட்டப்பட்டு வருகின்றன. 2018-இன் லைப்ரரியோடு கட்டி அப்படியே விட்ட ஆப், இன்றைய ஃபோனிலும் 2018-இன் பொத்தானைத்தான் காட்டும். டெவலப்பருக்கு இதில் லாபம் உண்டு: பழைய ஃபோனிலும் ஒரே தோற்றம், லைப்ரரியின் பிழையைத் திருத்த ஓஎஸ் அப்டேட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். பயன்படுத்துபவருக்குத்தான் ஒரே ஃபோனில் மூன்று தலைமுறைப் பொத்தான்கள்.

2025-இல் ஐஓஎஸ் 26 வந்தபோது, சிஸ்டம் டூல்பாரை அப்படியே பயன்படுத்திய ஆப்கள் ஆப்பிளின் ஆப் உருவாக்கும் கருவியான எக்ஸ்கோட் 26-இல் மறுபடி பில்ட் செய்ததுமே (கட்டியதுமே) லிக்விட் கிளாஸ் என்ற கண்ணாடி போன்ற புதுத் தோற்றத்துக்கு மாறின. பில்ட் செய்யாதவற்றில் கீபோர்டுகூடப் பழையதாகவே வந்தது. ஆக ஐஃபோனிலும் எல்லாம் தானாக நடந்துவிடாது. ஆனால் டெவலப்பர் செய்ய வேண்டிய வேலை குறைவு.

சிஸ்டம் கொடுப்பதை ஒதுக்கிவிட்டுச் சொந்தமாகச் செய்தால் இந்தச் சாதகமும் போய்விடும். மேலே உள்ள நேவிகேஷன் பாரை மறைத்துச் சொந்த பேக் பட்டனை வைப்பவர்கள் அடிக்கடி மறப்பது ஒன்று: இடது ஓரத்திலிருந்து இழுத்துப் பின்செல்லும் வசதி அதோடு செத்துவிடும். இதில் ஆண்ட்ராய்டு தெளிவாக மேல். பின்செல்வதை ஓஎஸ்ஸே பார்த்துக்கொள்கிறது, இடது, வலது எந்த ஓரத்திலிருந்தும் இழுக்கலாம்.

ஒரு ஆப்பை எடைபோட இரண்டு சோதனை போதும். முதலில் செட்டிங்ஸில் எழுத்தளவை உச்சத்துக்கு ஏற்றுங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் அது 200 சதவீதம் வரை போகும். எழுத்தை எஸ்பி அலகில் (செட்டிங்ஸின் எழுத்தளவோடு சேர்ந்து மாறுவது) கொடுத்து, பொத்தானின் உயரத்தை டிபியில் பூட்டிவைத்திருந்தால் எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்படும். ஐஃபோனில் நோய் வேறு: செட்டிங்ஸின் எழுத்தளவை ஆப் பின்பற்ற உதவும் டைனமிக் டைப்பை டெவலப்பர் இணைக்காவிட்டால் எழுத்து அசையவே அசையாது. வெட்டுப்பட்டாலும் பெரிதாகிறதே என்ற அளவில் இதிலும் ஆண்ட்ராய்டுக்கு ஒரு மதிப்பெண் தரலாம்.

அடுத்து, ஒரு படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு டார்க் மோடை மாற்றுங்கள், அல்லது ஃபோனைத் திருப்புங்கள். ஆண்ட்ராய்டு அந்த ஆக்டிவிட்டியை, அதாவது ஆப்பின் திரையை, அழித்துப் புதிதாக உருவாக்குவதே வழக்கம். கம்போஸில், திரை இருக்கும்வரைதான் நினைவில் வைக்கும் 'ரிமெம்பர்' மட்டும் போட்டிருந்தால் அடித்ததெல்லாம் போச்சு. திரை கலைந்தாலும் தரவைக் காக்கும் 'ரிமெம்பர்சேவபிள்' அல்லது வியூமாடல் வேண்டும். ஐஓஎஸ் இதற்காகத் திரையைக் கலைப்பதில்லை, அதனால் அசிரத்தையாக எழுதிய ஆப்கூட இங்கே தப்பித்துக்கொள்ளும். இரண்டு தளத்துக்கும் உள்ள தர இடைவெளியில் பாதி, இப்படி மன்னித்துவிடும் குணத்தால் வருவதுதான் என்று நினைக்கிறேன்.

முகப்புத் திரையையே மாற்றும் லாஞ்சர் ஆப்தான் வேண்டுமென்றால் இந்த ஒப்பீடே தேவையில்லை, ஆண்ட்ராய்டுதான். மடிப்பு ஃபோன்களில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காகக் கொண்ட ஆப்கள், குறுகிய பக்கம் 600 டிபிக்குக் குறையாத திரைகளில் நெட்டுவாக்கில் மட்டுமே நிற்பேன் என்று அடம்பிடிக்க முடியாது. கேம்களுக்கு விலக்கு உண்டு, ஆண்ட்ராய்டு 16-இல் மற்ற டெவலப்பர்களும் தற்காலிகமாக இதிலிருந்து விலகிக்கொள்ள வழி இருக்கிறது.