பல்லி மாதிரி கத்திய லேப்டாப்

இந்த முறை கனடாவில், கால்கரியிலிருந்து கிளம்பும்போது அண்ணன் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தான். அப்பா 2013-இல் ஸ்கேன் பண்ணி வைத்த வீட்டுப் பத்திரங்களை எடுத்து அனுப்ப வேண்டும். அவை இருந்தது என் பழைய லேப்டாப்பில். 2012-இல் வாங்கியது, செங்கல் கனம். நாலு வருஷமாகச் சைதாப்பேட்டை வீட்டுப் பீரோவில், அம்மாவின் நூல் புடவைக்குள் அந்துருண்டை வாசத்தோடு தூங்கிக்கொண்டிருந்தது.

சார்ஜரைச் செருகி அமுக்கினேன். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரை மட்டும் இருட்டு. பிறகு பீப், பீப்.

"என்னடா பல்லி மாதிரி கத்துது? எந்தப் பக்கத்துலேர்ந்து?" என்று அம்மா தினசரி காலண்டரின் பின்பக்கத்தைப் புரட்டினாள். தென்கிழக்குக்குப் பலன் என்னவென்று சொல்லவில்லை. நல்லதாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்துவிட்டேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். அடி மூடியைத் திறந்து ரேமை, அதாவது மெமரிப் பட்டையை, எடுத்துத் திரும்பச் செருகினேன். பல்லி அடங்கவில்லை.

ஏசி போட்ட சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குப் போனதுதான் நான் செய்த தப்பு. பேர் வேண்டாம். டோக்கன், கண்ணாடி மேஜை, சிரித்த முகத்தோடு ஒரு பெண். லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்னால் மொபைல் நம்பர் வேண்டுமாம். என் கால்கரி நம்பரும் பத்து இலக்கம்தான், ஆனால் 403-இல் ஆரம்பிப்பதால் அவர்கள் கம்ப்யூட்டர் துப்பிவிட்டது. சரி, அம்மா நம்பரைக் கொடுத்தேன். ஓடிபி போனது. அன்று பிரதோஷம். அம்மா காரணீஸ்வரர் கோவிலில், போன் சைலண்ட்டில். மூன்று ஓடிபி காலாவதியான பிறகு, ஆறரைக்குத்தான் எடுத்தாள்.

"நம்பர் வந்திருக்காம்மா?"

"வந்திருக்கு. ஆனா யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கேடா."

"நான்தாம்மா கேக்கறேன்."

"அப்படித்தான் சொல்லி ஏமாத்தறாங்களாம், டிவியில காமிச்சான். உன் நட்சத்திரம் என்ன சொல்லு?"

அத்தனை பேர் நடுவில் "அவிட்டம்" என்று கத்தினேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் "எனக்கும் அவிட்டம்தான் சார்" என்றார்.

இவ்வளவு பாடுபட்டு உள்ளே போன லேப்டாப் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை. மதர்போர்டு போச்சாம், 14,500 ரூபாயாம், பேசாமல் புதுசு வாங்கிக்கொள்ளலாமாம். கால்கரியிலும் இதே பதில்தான் கிடைக்கும். என்ன, எண்பது டாலரை முதலில் வாங்கிக்கொண்டு, பத்து முறை ஸாரி சொல்லிச் சொல்வார்கள். இதற்கா இங்கே வந்தேன்?

மறுநாள் மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி ரிச்சி தெரு. அப்பாவோடு அசெம்பிள் பண்ணிய முதல் கம்ப்யூட்டர் வாங்க வந்த தெரு, அன்றைக்கு மெட்ரோ ஏது. மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை, கடை என்றால் ஒரு மேஜை, ஒரு ஸ்டூல். அந்தத் தம்பிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். சார்ஜரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தான், இருபது வோல்ட், சரி. பட்டனை அமுக்கிக் காதைச் சாய்த்தான்.

"போர்டு போயிருந்தா இது வாயே தொறக்காது சார். மெமரிதான் கத்துது."

"அதைத்தான் நானே கழட்டி மாட்டினேனே."

"கீழ இருக்கறத மாட்டியிருப்பீங்க. கீபோர்டுக்கு அடியில இன்னொண்ணு இருக்கு."

பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. அவன் கீபோர்டை இட்லித் தட்டு மாதிரி தூக்கி நிறுத்தி ரேமை உருவினான். தங்க நிறப் பற்களில் மங்கலாக ஒரு படலம். நாலு மழைக்காலம் பீரோவுக்குள்ளும் வந்து போயிருக்கிறது. மேஜை டிராயரிலிருந்து ஒரு பள்ளிக்கூட ரப்பரை எடுத்தான், ஓரம் கடித்த ரப்பர். நோட்டில் தப்பை அழிப்பது போலப் பற்களின் மேல் நிதானமாகத் தேய்த்தான், திருப்பிப் போட்டு இன்னொரு பக்கமும். தூளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, க்ளிக் என்று செருகி, பட்டனை அமுக்கினான்.

திரையில் வெளிச்சம். நாளும் நேரமும் தப்பாக இருக்கிறது என்று ஒரு புகார், அவ்வளவுதான். அதற்கும் ஒரு குட்டி பேட்டரி உள்ளே இருக்கிறதாம், காசு மாதிரி, மூன்று வோல்ட். மீட்டரில் ஒரு வோல்ட்கூடக் காட்டவில்லை. வயரோடு புதுசு மாட்டினான்.

"ஃபைல் மட்டும்தான் வேணும்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார், ஹார்ட் டிஸ்கைக் கழட்டி ஒரு கேஸ்ல போட்டா வேற லேப்டாப்லயே வந்திருக்கும்" என்றான் பத்திரங்களை பென் டிரைவில் ஏற்றும்போது. எனக்கும் தெரியும். ஏனோ அது எழுந்து உட்கார வேண்டும் என்று இருந்தது.

மொத்தம் 400 ரூபாய். க்யூஆர் அட்டையை நீட்டினான், என்னிடம் வெறும் 500 ரூபாய் நோட்டு. சில்லறை இல்லை. மளிகைக் கடையில் முன்பு மிட்டாய் கொடுப்பார்களே, அந்த வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது: மீதிக்கு ஒரு மவுஸ் பேடு.

வீட்டுக்கு வந்தால் அம்மா போனைக் காட்டினாள். சர்வீஸ் சென்டரிலிருந்து எஸ்எம்எஸ், எங்கள் சேவை எப்படி இருந்தது என்று.

"அஞ்சு ஸ்டாரும் அமுக்கிட்டேன்டா. அந்தப் பொண்ணு எத்தனை தடவை ஆனாலும் அலுக்காம நம்பர் அனுப்பிச்சாளே, பாவம்."