அலகா, பிடியா, எழுத்தா: பழைய வாளின் பூர்வீகத்தை எதை வைத்துச் சொல்வது?

அருங்காட்சியகத்திலோ ஏலப் பட்டியலிலோ ஒரு பழைய ஆசிய வாளின் கீழே பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும்: ‘தல்வார், இந்தியா, 18ஆம் நூற்றாண்டு’. (தல்வார் என்பது வளைந்த இந்திய வாள்.) எனக்கு இந்த ஒற்றை ஊர்ப்பெயர் போதுவதில்லை. வாள் என்பது அலகும் பிடியும் சேர்ந்த பொருள். இரண்டும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. போதாததற்கு அலகின் மேல் ஒரு பெயரோ முத்திரையோ இருக்கும். இந்த மூன்றும் மூன்று ஊரைச் சொன்னால் எதை நம்புவது? இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய நாடுகளின் வாள் என்றால் நான் முதலில் பிடியைத்தான் நம்புவேன். ஜப்பானிய வாள் என்றால் அலகை. எழுத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

அலகை நம்புகிறவர்களின் பலமான ஆதாரம் ஜப்பான். அங்கே பிடி, உறை, கைக்காப்புத் தட்டு எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. ஒரு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவிடும். உள்ளே மறைந்திருக்கும் வால்பகுதியில் கொல்லரின் பெயர், ஊர், சில சமயம் தேதிகூட வெட்டப்பட்டிருக்கும். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாலில் அரம் இழுத்த கோடுகள், அதன் துருவின் நிறம், கூர்ப்பக்கம் வெளுத்து ஓடும் ஹாமோன் கோடு, எஃகு மடிந்த வரி இவற்றைப் பார்த்தே யமாஷிரோ, யமாதோ, பிஸென், ஸோஷூ, மினோ என்ற ஐந்து மரபுகளில் எது என்று அங்குள்ள வல்லுநர்கள் சொல்லிவிடுவார்கள். ஹொன்அமி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வாள் தீட்டி, மதிப்பிட்டு, சான்றிதழ் எழுதிக் கொடுத்தவர்கள். பெரும் புகழ் பெற்ற கொல்லர் மஸமுனேயின் வாள்களில் கையெழுத்து உள்ளவை மிகக் குறைவு. நீளத்தைக் குறைக்க வாலை வெட்டியபோது பல கொல்லர்களின் பெயரும் சேர்ந்து போய்விட்டது. போலிக் கையெழுத்துகளும் ஏராளம். ஆகவே அங்கும் எழுத்தைவிட எஃகுக்குத்தான் மரியாதை.

இதே முறையை மேற்கே பாரசீகத்துக்கு எடுத்துக்கொண்டு போனால் தடுமாறிப் போவோம். ஷம்ஷீர் என்ற, நன்றாக வளைந்த பாரசீக வாள் ஒன்றின் அலகில் நீரலை போன்ற கோலம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூசை என்ற உருக்குக் கலத்துக்குள் இரும்பையும் கரிப்பொருளையும் வைத்து மூடி உருக்கிய, ஏறக்குறைய 1.5 சதவீதம் கார்பன் உள்ள எஃகில் வரும் கோலம் அது. அந்த எஃகுக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறிப் போயின. தமிழ்நாட்டில் கொடுமணல், மேல்சிறுவளூர், தெலங்கானாவில் கோனசமுத்திரம் ஆகிய இடங்களில் இந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் இங்கே பயணம் செய்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, அந்தக் கோலம் வரக்கூடிய எஃகு கோல்கொண்டாவிலிருந்து வருகிறது என்று எழுதினார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு, 9ஆம் நூற்றாண்டில், வாள்களைப் பற்றித் தனி நூலே எழுதிய அல்-கிந்தி, சரந்தீபின் எஃகு வெவ்வேறு ஊர்களில் வாளாக அடிக்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். சரந்தீப் என்றால் இலங்கை.

சரி, அப்படியானால் அந்த ஷம்ஷீர் எந்த ஊர் வாள்? எஃகு தெலங்கானா, அடித்தது இஸ்ஃபஹான், இடுப்பில் கட்டியது ஒரு ராஜபுத்திரர் என்று இருக்கலாம். நம் ஆட்கள் அவசரப்படும் இடமும் இதுதான். மூசை எஃகு மத்திய ஆசியாவின் மெர்விலும் செய்யப்பட்டது. கோலத்தைப் பார்த்ததும் ‘நம்ம ஊர் எஃகு’ என்று கொண்டாட முடியாது. இன்று சந்தையில் ‘டமாஸ்கஸ்’ என்று விற்கும் கத்திகளில் பெரும்பாலானவை இரண்டு வகை எஃகை அடுக்கி ஒட்டி அடித்தவை. அவற்றின் கோலம் வேறு, மூசை எஃகின் கோலம் வேறு.

எழுத்தை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் அஸதுல்லா இஸ்ஃபஹானி. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் காலத்தின் ஒப்பற்ற கொல்லர் என்று சொல்லப்படும் இவர் பெயர் தங்கத்தில் பொறித்த அலகுகள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றில் காணும் ஆண்டுகள் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் அடங்குபவை அல்ல. பெயர் ஒரு தர முத்திரையாக மாறிவிட்டது. ஐரோப்பிய முத்திரைகளுக்கும் இதே கதிதான். ஜெனோவா அலகுகளில் இருந்த கண்ணிமை போன்ற இரட்டை வளைவுக் குறியை காக்கசஸிலும் இந்தியாவிலும் கொல்லர்கள் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். நல்ல இரும்பு என்று வாங்குபவர் நம்பினால் போதும் அல்லவா?

பிடியின் கதை வேறு. அது யாருடைய கைக்காகச் செய்தது, அந்தக் கை எந்த அரசவையில் இருந்தது என்று அது சொல்கிறது. ஃபிரங்கி என்ற வாள் இதற்கு அழகான உதாரணம். அலகு ஜெர்மனியின் சோலிங்கன் போன்ற ஐரோப்பிய ஊர்களிலிருந்து வந்த நேரான வாள். பிடியோ கண்டா என்ற நேரான இந்திய வாளுக்கு உரிய கூடைப்பிடி. குமிழுக்கு மேலே நீளும் முள்ளை இரண்டாவது கையால் பிடித்து ஓங்கி வெட்டலாம். மராத்தியர்கள் இதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். தஞ்சாவூர் மராத்திய அரசு 1855இல் முடிவுக்கு வந்த பிறகு அதன் ஆயுதசாலை கலைந்தது. ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. ஐரோப்பிய அலகின் துண்டைப் பொருத்திய தஞ்சைக் கட்டாரிகளையும் அந்த ஆயுதசாலையின் பொருட்களில் காணலாம். அலகை மட்டும் பார்த்து ‘ஜெர்மன்’ என்று எழுதினால், அதை வாங்கி, தங்கள் போர்முறைக்கு ஏற்ப மாற்றியவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இலங்கையின் கஸ்தானே இன்னும் செழிப்பானது. குட்டையான, சற்றே வளைந்த அலகு. பிடியின் தலையில் சிங்கமுகம், கைக்காப்பின் நுனிகளில் வாய் பிளந்த மிருகத் தலைகள், சிலவற்றில் மாணிக்கக் கண்கள். இலங்கைக் கொடியில் சிங்கம் ஏந்தியிருப்பதும் இந்த வாள்தான். விரல்களைக் காக்கும் வளைவுகளை 16ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய வாள்களோடு ஒப்பிடுவோர் உண்டு; மொரோக்கோவின் நிம்சா வாளிலும் அதே சாயல் தெரியும். மிருகத் தலைகளோ கோயில் வாசல் மகரங்களுக்கு உறவு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை குத்திய அலகுகள் பல கஸ்தானேக்களில் இருக்கின்றன. கம்பெனி தன்னிடம் பணிபுரிந்த முதலியார்களுக்கு (அங்கே அது உள்ளூர் அதிகாரிகளின் பதவிப் பெயர்) இதைப் பதவி அடையாளமாகக் கொடுத்தது. பிரிட்டிஷார் காலத்திலும் அந்த வழக்கம் தொடர்ந்தது. ஆக, அலகு ஆம்ஸ்டர்டாமைச் சொன்னாலும் வாள் சிங்கள வாளே. 1765இல் டச்சுப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற தங்கக் கஸ்தானேயும் வெள்ளிக் கஸ்தானேயும் 2023இல் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்த ஆறு பொருட்களில் அடங்கும். இப்போது அவை கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

பிடியை நம்புவதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். தல்வாரின் வட்டத்தட்டுப் பிடி உள்ளே குடைவானது. அரக்கு போன்ற பிசினை நிரப்பித்தான் அலகின் வாலை அதற்குள் இறுக்கினார்கள். சூடு காட்டினால் பிசின் இளகி அலகு வெளியே வந்துவிடும், வேறொன்றை அரை மணியில் மாட்டிவிடலாம். போர்க்காலத்திலும் மாற்றினார்கள், இன்று வியாபாரிகளும் மாற்றுகிறார்கள். அதனால் தல்வாரில் பிடியும் அலகும் ஒன்றாக வாழ்ந்தவையா என்பதைப் பொருத்தத்தில் பார்க்க வேண்டும்: பிடியின் நாக்குகள் அலகோடு ஒட்டி உட்காருகின்றனவா, இடைவெளியில் தெரியும் பிசின் பழசா புதுசா என்று. கண்டா, ஃபிரங்கி வகைகளில் பிடியின் கைகளை அலகோடு தறையடித்து இறுக்கியிருப்பார்கள். அவற்றை மாற்றினால் தடயம் தெரியும். பூர்வீகம் தேடுவதற்குத் தல்வாரைவிட ஃபிரங்கி நம்பகமானது என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றும் ஒன்றாகச் சாட்சி சொல்லும் வாள்களும் உண்டு. 2023 மே மாதம் லண்டனில் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போன திப்பு சுல்தானின் படுக்கையறை வாளில் ‘அரசரின் வாள்’ என்று அலகிலேயே பொறித்திருக்கிறது. அலகு முகலாயக் கொல்லர்கள் ஜெர்மன் அலகுகளைப் பார்த்துச் செய்த வகை என்று ஏல நிறுவனம் விவரித்தது. பிடியில் தங்க எழுத்துகள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் பிரிட்டிஷ் தளபதி டேவிட் பெயர்டுக்குக் கொடுக்கப்பட்ட வரலாறும் கூடவே வந்தது. அந்த விலையில் கைமாறிய வரலாற்றுக்கும் பெரிய பங்கு இருந்தது.

உங்கள் குடும்பத்தில் ஒரு பழைய வாள் இருந்தால் முதலில் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வையுங்கள். புளி, மணல்தாள், ரசாயனம் எதுவும் வேண்டாம். தேய்த்தால் கோலம், பொன் வேலையின் மிச்சம், பழைய பிசின் எல்லாம் போய்விடும். ஜப்பானிய வாளின் வாலில் உள்ள துருவை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. அங்கே வயதைச் சொல்வதே அந்தத் துருதான். 100 ஆண்டுகளைத் தாண்டிய வாள் என்றால் இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். வெளிநாட்டில் எவ்வளவு விலை கேட்டாலும் தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது.